கப்பல் சீட்டில் ஜெஃபர்சன் கையொப்பம்

தொடக்ககால அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் கையொப்பத்தைச் சேர்க்க விரும்பும் கீழக்கரை, மண்டபம் பக்கத்து நண்பர்களுக்கு என் பரிந்துரை: கப்பல் சீட்டில், அதாவது வெளிநாடு போகும் கப்பலுக்கு அமெரிக்க அரசு தந்த, தலைவர் கையொப்பமிட்ட கடவுச்சீட்டில் தொடங்குங்கள். அச்சிட்ட படிவம் என்பதால் மற்ற பிரதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். மூன்றாம் தலைவர் ஜெஃபர்சன் ஆட்சிக்காலச் சீட்டு என்றால், வெளியுறவுச் செயலராக இருந்த மேடிசனின் கையொப்பமும் பெரும்பாலும் அதே தாளில் கிடைக்கும்.

இரண்டு வகை உண்டு. ஒன்று, பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், டச்சு என நான்கு மொழிகளில் அச்சான பெரிய தாள். மற்றது, 1796ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்த மத்தியதரைக்கடல் சீட்டு. பதப்படுத்திய விலங்குத் தோலால் ஆன தாளில் (தோல் தாள்) கப்பல் படத்தோடு இருக்கும். இதன் மேல் விளிம்பு அலை அலையாக வெட்டுப்பட்டிருக்கும். வெட்டிய மேல் துண்டு வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையருக்குப் போகும். கடலில் மறித்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். அந்த வெட்டு சேதம் இல்லை. விளிம்பை நேராக நறுக்கிய சீட்டுதான் சேதமானது.

கையொப்பத்தின் மையும் கப்பல் பெயரின் மையும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். தலைவர் வெற்றுப் படிவங்களில் கையொப்பமிட்டுத் துறைமுகங்களுக்கு அனுப்புவார். சுங்க அதிகாரி பிறகு நிரப்புவார்.

தலைவர் பெயரில் அமெரிக்க அரசு வழங்கிய நிலப்பட்டாக்களைச் சேர்ப்போர் 1833ஐ நினைவில் வையுங்கள். அந்த ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பட்டாக்களில் தலைவர் பெயரை அவருக்காகக் கையொப்பமிட அமர்த்திய செயலரே எழுதினார். அப்போதைய தலைவர் ஜாக்சன் பெயர் இருந்தாலும் அது ஜாக்சன் கை அல்ல.

பழைய தாள் என்பது மட்டும் சான்றாகாது. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களில் வாஷிங்டன் கையெழுத்தைப் போலியாக எழுதி விற்றார். பத்து மடங்கு லென்ஸில் மடிப்பைப் பாருங்கள். மடிப்பு விரிசலுக்குள் மை கசிந்து பரவியிருந்தால், தாள் பழசான பின் எழுதியது என்று சந்தேகியுங்கள்.

இனி நம் ஊர்ச் சிக்கல். அக்காலத்து மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது. ஈரம் பட்டால் அதன் அமிலம் தாளைத் தின்னும். தோல் தாளோ ஈரத்தை உறிஞ்சி நெளியும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பாம்பன் காற்றில் அது சாதாரணம். இரும்பு பீரோ உப்பில் துருப்பிடித்துத் தாளில் கறை ஏற்றும். வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரியில் கரையானும் ராமபாணப் பூச்சியும் வரும்.

காற்றுப் புகாத பத்து லிட்டர் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் டப்பா போதும். அமிலமில்லா அட்டை உறையில் ஆவணத்தைப் படுக்க வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு சிலிகா ஜெல் ஐம்பது கிராமைத் துணிப்பையில் கட்டி, தாளில் படாமல் ஓரத்தில் வையுங்கள். சின்ன ஈரமானி ஒன்றை வெளியிலிருந்து தெரியும்படி உள்ளே ஒட்டுங்கள். 40க்கும் 50க்கும் இடையே நிற்க வேண்டும். 40க்குக் கீழே இறங்கினால் பையில் பாதியை எடுத்துவிடுங்கள், தோல் தாள் காய்ந்து விறைக்கும். ஜெல் பச்சையானால் மாற்றுங்கள். லேமினேஷன், செல்லோ டேப், இஸ்திரிப் பெட்டி மூன்றும் கிட்டவே வரக்கூடாது. ஐப்பசி முதல் மார்கழி வரை டப்பாவைத் திறக்காமல் ஈரமானியை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள்.