கணுக்கால் அளவு தண்ணீர்

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் பஸ் ஏறினால் யன்னல் பக்கம் அக்காவுக்கு, உள்பக்கம் எனக்கு. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்துபோன பிறகு அதுதான் ஒழுங்கு. கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது அவள் சேலைத் தலைப்பால் என் முகத்தை மறைப்பாள். நான் கண்ணை மூடி, "அருள்நிறைந்த மரியே" தொடங்குவேன். பாலத்தின் நீளம் 396 மீற்றர். என் கணக்கில் மூன்று செபம், பஸ் ஊர்ந்தால் நாலு. 2009 இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதையில், அதாவது மிதவைப் படகில்தான், தண்ணீரைக் கடக்கவேண்டும். அதனால் அந்த ஐந்து வருடமும் நான் ஊரைவிட்டு அசையவே இல்லை.

இரண்டு வருடமாக ஒரு சிஸ்டரிடம் உளவளத்துணைக்குப் போகிறேன். முதலில் கடலின் படம், அப்புறம் அலைச் சத்தம், அப்புறம் தூரத்தில் நின்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் செபம். கொஞ்சக் காலம் மாத்திரையும் எடுத்தேன். சாட்சி சொல்லும்போது மாத்திரையை மறைப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

இந்தத் தவக்காலத்தில், நான்காம் வாரச் செவ்வாய்க்கிழமை, மரியன்னை பேராலயத் திருப்பலிக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில், "இன்றைக்கு நான் யன்னல் பக்கம் இருக்கிறேன்" என்றேன்.

"இப்ப என்னத்துக்கு உனக்கு?"

அவள் நகரவில்லை. நானும் இருக்கவில்லை. கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் எழும்பி இடம் விட்டாள். சீனக்குடா தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைய முதல் வாசகம் எசேக்கியேல். ஆலயத்திலிருந்து தண்ணீர் புறப்பட்டுக் கிழக்கே ஓடுகிறது. ஆயிரம் முழம் போனால் கணுக்கால், இன்னும் ஆயிரத்தில் முழங்கால், பிறகு இடுப்பு, கடைசியில் கடக்கமுடியாத ஆறு. நற்செய்தி, பெத்சதா குளத்தடியில் 38 ஆண்டுகளாகக் கிடந்தவனின் கதை. குணமாக விரும்புகிறாயா என்று இயேசு கேட்க, குளத்தில் இறக்கிவிட எனக்கு ஆளில்லை என்கிறான் அவன். எழுந்து படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் சுற்றியிருந்தவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்: இன்று ஓய்வுநாள், படுக்கையைத் தூக்கலாமா? 38 வருடம் கிடந்தவன் நடக்கிறானே என்று ஒருவர்கூடச் சந்தோசப்பட்டதாக யோவான் எழுதவில்லை.

மனதுக்குள் அக்காவை அந்தக் கூட்டத்தோடு நிறுத்திவிட்டேன். பெரிய திருப்தி. நற்கருணை வாங்கிவந்து முழந்தாளிட்டபோதுதான் அது உறுத்தியது. அவனுக்கு ஆளில்லை, சரி. எனக்கு ஆள் இருந்ததே. அலை வந்த அன்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவள். அதன்பிறகு அந்தக் கையை விடாதவள். இனித் தூக்கவேண்டாம் என்று நான் சொன்னால், அவள் அந்தக் கையை எங்கே வைப்பாள்? என்னிடம் குணமாக விருப்பமா என்று சிஸ்டர் எத்தனையோ தடவை கேட்டார். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

வெளியே வந்து தேத்தண்ணி குடித்தோம். "அக்கா, பாலத்துக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு பச்சை! நீ ஒருநாளும் சொல்லவில்லையே."

"எனக்கெங்க தெரியும்? உன்ர முகத்தையெல்லோ பாத்துக்கொண்டு வாறனான்."

இத்தனை வருடம் யன்னலோரம் இருந்தவள்.

டச் பே கடற்கரை பக்கத்தில்தான். நான் நடந்தேன், அவள் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பஸ் போய்விடும், வெயில், இரத்த அழுத்தம், எல்லாம் சொன்னாள். தெருவில் ஒரு மான், அதுபாட்டுக்குப் பழத்தோலைத் தின்றுகொண்டு நின்றது (இந்த ஊரில் மான் மாடு மாதிரி). இடது பக்கம் சுவாமி மலையும் கோணேசர் கோயிலும் தெரிந்தன. மணல் தொடங்கும் இடத்தில் அக்கா நின்றுவிட்டாள். வா என்று நான் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

தண்ணீர் நான் நினைத்ததைவிடச் சூடு. கணுக்கால். ஒரு சின்ன அலை வந்து முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. நெஞ்சு அடித்தது, ஆனால் நின்றேன்.

"காணும், வா!" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். என் செருப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி, மணலில் நாலைந்து அடி உள்ளே வந்திருந்தாள்.