கல்லில் இருந்த அப்பா பெயர்

என் மாமியார் லண்டனில் பிறந்த யூதர். அவருடைய அப்பா போலந்தின் வூச் நகரத்திலிருந்து வந்தவர். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார். மிச்சம் இருந்தது, மாமியாருடைய பாட்டியின் கல்லறைப் படம் ஒன்றுதான். மாமியாருக்கு எபிரேயம் படிக்க வராது. "யாராவது இதைப் படித்துச் சொன்னால் போதும்" என்றார். சரி, நானே படிக்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

வலமிருந்து இடமாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டும். உச்சியில் பே, நூன் என்று இரண்டு எழுத்து: 'இங்கே அடக்கம்'. நடுவில் பாட்டியின் பெயர், பிறகு 'பத்', அதாவது மகள், பிறகு அவருடைய அப்பா பெயர். குடும்பப் பெயரே இல்லை. நம் இனிஷியல் மாதிரிதான். அப்பா பெயர்தான் அடையாளம். ஒரு கல்லில் இரண்டு தலைமுறை கிடைத்துவிட்டது.

வருஷத்தையும் எழுத்தில்தான் செதுக்கியிருந்தார்கள். தாவ் 400, ரேஷ் 200, சாமெக் 60, கிமெல் 3. ஆக 663. எபிரேய நாட்காட்டியில் அது 5663; ஆயிரத்தை விட்டு எழுதுவது வழக்கம். அந்த 663-உடன் 1240 கூட்டினால் நம் வருஷம்: 1903.

அப்புறம், போலந்து யூதர்களின் பழைய பதிவுகளைத் தேட உதவும் ஜே.ஆர்.ஐ. போலந்து தளத்தில் தேடினேன். குடும்பப் பெயரை வைத்துத் தேடிப் பல வாரம் வீணானது. பாட்டி பெயர், அப்பா பெயர், வருஷம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு மரணப் பதிவு வந்தது. ஆனால் பதிவேடு ரஷ்ய மொழியில். அந்தப் பகுதி ஜார் ஆட்சியில் இருந்ததால் 1868 முதல் அப்படித்தான் எழுதினார்கள். பயப்பட வேண்டாம். எல்லாப் பதிவுக்கும் ஒரே வாசக அமைப்புதான். மகள், வயது, இறந்தார் என்று இருபது முப்பது சொல் பழகினால் போதும்.

அதில் 13 நாள் இடைவெளியில் இரண்டு தேதிகள் இருந்தன. முன்னது பழைய ஜூலியன் கணக்கு, பின்னது நம் காலண்டர். பின்னதை எபிரேயத் தேதியாக மாற்றிக் கல்லோடு ஒப்பிட்டேன். நாள் அப்படியே பொருந்தியது. என் கை நடுங்கியது. அவரேதான்.

பிறந்த ஊரும் அந்தப் பதிவிலேயே இருந்தது. வயதைக் கழித்தால் 1868. அந்த வருஷப் பதிவேட்டில் அவர் இல்லை, அடுத்த வருஷத்திலும் இல்லை. கடைசியில் 1875-ல் கிடைத்தார். பிறப்பைப் பல வருஷம் கழித்துப் பதிவது அங்கே சகஜம். மதச் சடங்கோடு கல்யாணத்தை முடித்துக்கொண்டு அரசிடம் பதியாமல் விட்டவர்களும் நிறைய; அவர்கள் பிள்ளைகளை அம்மாவின் குடும்பப் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

இஸ்ரேலில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வாஷெமின் சாட்சித் தாள்களை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தேன். அந்தப் படுகொலையில் இறந்தவர்களுக்காக, தெரிந்தவர்கள் கைப்பட நிரப்பிக் கொடுத்தவை அவை. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திறந்தேன். அவர் அப்பாவின் சித்தப்பா ஒருவர் அதில் இருந்தார். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வூச் கெட்டோவில் இருந்தவர். பிள்ளைகள் என்ற இடத்தில் 'இரண்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. மாமியார் அந்த எண்ணின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

கெட்டோவில் இருந்தவர்களின் பட்டியல் முகவரியோடு இருக்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளின் பெயர்களை இப்போது அதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.