பரிவட்டமும் பூட்டும்

என் கைக்கு வந்த முதல் சமய உரிமை வழக்கு ஒன்றரை முழத் துணியைப் பற்றியது. ஓர் ஊர்க் கோயிலில் திருவிழாவின் கடைசி நாளன்று பூசாரி பரிவட்டம் கட்ட வேண்டியது எந்தக் குடும்பத்தின் தலைவருக்கு என்பதே கேள்வி. மூன்று தலைமுறையாகத் தங்களுக்கே கட்டப்படுகிறது என்றது ஒரு குடும்பம். ஆண்டுக்கு ஒருவர் என்ற முறை இடையில் திட்டமிட்டு மறைக்கப்பட்டது என்றது மற்றொன்று. காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது இரு தரப்பும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனித்தனியே ரிட் மனு தாக்கல் செய்திருந்தன. இரண்டு மனுக்களிலும் அரசமைப்பின் 25, 26 ஆகிய உறுப்புகள் காட்டப்பட்டிருந்தன. இரண்டிலும் 'மாமூல் வழக்கப்படி' என்ற சொற்றொடர் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ஒரே தட்டச்சரிடம் போயிருப்பார்களோ என்றுகூட எனக்கு ஐயம் இருந்தது.

அப்போது நான் அரசுத் தரப்பில் ஆஜரான ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தேன். வழக்குக் கட்டைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய உறுப்புகளை இவ்வளவு சிறிய துணிக்காக இழுக்கிறார்களே என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, துணி சின்னதுதான். அதைக் கட்டுகிற இடம் தலை. நீ முதலில் 25-ஐ எடுத்து அதன் முதல் வரியைப் படி" என்றார்.

அன்றுதான் அந்த வரியைச் சொல்சொல்லாகப் படித்தேன். பேச்சுரிமையைத் தரும் உறுப்பு 19 உரிமையை முதலில் சொல்லி, கட்டுப்பாடுகளைப் பின்வரும் கூறுகளில் வைக்கிறது. உறுப்பு 25 அப்படித் தொடங்குவதில்லை. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுநலவாழ்வு ஆகியவற்றுக்கும் அடிப்படை உரிமைகள் பற்றிய பகுதியின் பிற வகைமுறைகளுக்கும் உட்பட்டே மனச்சான்றுச் சுதந்திரமும் சமயத்தைப் பின்பற்றும் உரிமையும் உண்டு என்று, வரம்பைக் கையில் பிடித்துக்கொண்டேதான் அது வாசலைத் திறக்கிறது. சமயப் பிரிவுகளின் நிர்வாக உரிமையைப் பேசும் உறுப்பு 26-ம் இதே வகையில் தொடங்கினாலும், 'பிற வகைமுறைகளுக்கும்' என்ற சொற்கள் அங்கே இல்லை. இந்த ஒரு விடுபாட்டின்மீது எத்தனை வழக்குகள் நின்றிருக்கின்றன என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

பரிவட்ட வழக்கை நீதிமன்றம் தீர்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் பிரிவு 63(உ), ஒரு கோயிலில் மரியாதை பெற யாருக்கு உரிமை என்பதை விசாரிக்கும் அதிகாரத்தைத் துறை அதிகாரிக்குத் தருகிறது. அவர் முடிவின்மேல் ஆணையரிடம் மேல்முறையீடு, அதன்மேல் உரிமையியல் நீதிமன்றம் என்று பாதை நீள்கிறது. அந்தப் பாதையில் போகும்படி இரு தரப்பையும் அனுப்பிவிட்டு, அந்த ஆண்டுத் திருவிழாவை யாருக்கும் பரிவட்டம் இல்லாமல் நடத்த உத்தரவானது. நீதிமன்ற வராந்தாவில் இரு குடும்பத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவு நிம்மதியோடு நின்றதைக் கண்டேன். தனக்குக் கிடைக்காத வருத்தத்தை அடுத்தவனுக்கும் கிடைக்கவில்லை என்ற செய்தி ஆற்றியிருந்தது.

இந்த வேலையில் சில ஆண்டுகள் இருந்த பிறகு, இந்தியாவின் சமய உரிமைச் சட்டத்தில் எவ்வளவு பங்கு பழைய சென்னை மாகாணத்திலிருந்து விளைந்தது என்பது புலப்பட்டது. சிரூர் மடத்து வழக்கை எடுத்துக்கொள்ளலாம். உடுப்பி அப்போது சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. அங்கிருந்த எட்டு மடங்களில் ஒன்றின் நிர்வாகத்தில் அரசு எவ்வளவு தூரம் நுழையலாம் என்ற கேள்வி, 1951-ஆம் ஆண்டுச் சென்னை அறநிலையச் சட்டத்தின் வழியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வுக்காக நீதிபதி பி.கே. முகர்ஜியா 1954-இல் எழுதிய தீர்ப்பு, ஒரு சமயத்தின் இன்றியமையாத கூறு எது என்பதை முதன்மையாக அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே கண்டறிய வேண்டும் என்றது. எந்த வேளையில் என்ன நைவேத்தியம் என்பது பணச் செலவோடு தொடர்புடையது என்பதாலேயே அது உலகியல் காரியம் ஆகிவிடாது என்றும் சொன்னது. நான் அரசுத் தரப்பில் இருந்தவன். எங்களுக்கு எதிராகப் பெரும்பாலும் முதலில் காட்டப்படும் தீர்ப்பு அது. ஆயினும் அதன் அடக்கம் எனக்குப் பிடிக்கும். சமயத்தைச் சமயத்திடமே கேள் என்ற அடக்கம் அது.

அந்த அடக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1961-இல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர், சமய நடைமுறைகளாகத் தோன்றுபவற்றில் சில வெறும் மூடநம்பிக்கையிலிருந்து முளைத்து ஒட்டிக்கொண்டவையாக இருக்கலாம் என்றும், அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். சமயத்தைக் கேட்டு அறிய வேண்டிய நீதிமன்றம் சமயத்தைப் புடைத்துப் பார்க்கும் முறமாக மாறியது இங்கேதான் என்பது என் கருத்து. இந்தக் கருத்தில் என்னோடு ஒத்துப்போகாத நண்பர்கள் பலர் உண்டு. சீர்திருத்தத்துக்கு அந்த முறம் தேவைப்பட்டது என்பார்கள். சபரிமலை வழக்கில் 2018-இல் நான்குக்கு ஒன்று என்று பிரிந்த அமர்வும், 2019-இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்ட கேள்விகளும் இந்த முறத்தைச் சுற்றியே நின்றன.

எனக்கு இந்த ஐயம் நூலிலிருந்து வரவில்லை. ஒரு சிறிய கோயிலின் நடைமுறை குறித்து எதிர்மனு தயாரிக்க வேண்டியிருந்தபோது, அங்கே நாற்பது ஆண்டுகளாகப் பூசை செய்துவந்த பூசாரியிடம் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். வழிபாட்டில் இன்றியமையாதவை எவை, விட்டாலும் குற்றமில்லாதவை எவை என்று இரண்டு பத்தியாகக் கோடு போட்டுக்கொண்டு கேட்டேன். அவர் தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "ஐயா, ஆத்தாவுக்கு எது வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது? நேரம் தவறினாலும் பொறுத்துக்குவா, எலுமிச்சம்பழம் ஒண்ணு குறைஞ்சாலும் பொறுத்துக்குவா. ஆளுங்கதான் பொறுக்க மாட்டாங்க" என்றார். எதிர்மனுவில் இதை எழுத இடமில்லை. இரண்டாம் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு, 'காலங்காலமாகப் பின்பற்றப்படுபவை' என்ற வழக்கமான வாசகத்தை முதல் பத்தியின் கீழ் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

அரசும் இந்தக் குழப்பத்துக்கு வெளியே இல்லை. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்த 1950-ஆம் ஆண்டுச் சட்டம் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, 2003-இல் திடீரென எழுப்பப்பட்டு, மறு ஆண்டே நீக்கவும் பட்டது. நாட்டார் தெய்வங்களுக்கு எது வழிபாடு என்பதை அரசாணையால் முடிவு செய்ய முயன்றால் என்ன ஆகும் என்பதை ஒரே ஆண்டுக்குள் இரு முறை கண்டோம்.

இதற்கு மாறாக, சமயம் என்றால் என்ன என்று கேட்காமல், அடுத்தவருக்கு என்ன நேர்கிறது என்று மட்டும் கேட்ட வழக்குகள் எளிதில் தெளிவடைந்தன. சென்னையில் ஒரு குடியிருப்புக்கு அருகிலிருந்த தேவாலயத்தின் ஒலிபெருக்கிகள் பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்தச் சமயமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் கூறியது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்றன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதற்கானாலும் கையில் இருப்பது ஒரே அளவுகோல். இந்த வகைக் கட்டுகள் வந்தால் எனக்கு மனப்பாரம் இருந்ததில்லை. கருவி சொல்லும் எண்ணோடு வாதிட யாரும் ஆகமத்தை எடுத்து வருவதில்லை.

மனப்பாரம் தந்த கட்டு வேறு. ஒரு மாவட்டத்தில், ஊர்ப் பொதுவில் இருந்த அம்மன் கோயிலுக்குள் பட்டியலினக் குடியிருப்பைச் சேர்ந்த சிலர் திருவிழா நாளில் நுழைந்தார்கள். கைகலப்பு ஆயிற்று. மறுநாள் வருவாய்த் துறை அலுவலர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆவது பிரிவின் கீழ் உத்தரவிட்டு, கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார். இடத்தின் அனுபவம் யாருடையது என்ற தகராறில் அமைதி காக்க உண்டான பிரிவு அது. இங்கே இடத்தின் அனுபவம் பற்றித் தகராறே இல்லை. உள்ளே வருவது யார் என்பதுதான் தகராறு. பூட்டைத் திறக்கக் கோரி, நுழைந்தவர்களில் ஒருவர் மனு தாக்கல் செய்தார். எதிர்த்தரப்பினர், கோயில் தங்கள் சமூகத்துக்கே உரியது, உறுப்பு 26 தங்களைக் காக்கிறது என்றார்கள். அரசுக்காக எதிர்மனு எழுதியவன் நான்.

வேண்டிய ஆவணங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. 1947-ஆம் ஆண்டின் சென்னைக் கோயில் நுழைவு அதிகாரச் சட்டம் இருந்தது. தீண்டாமையை ஒழித்த உறுப்பு 17 இருந்தது. தென் கன்னடத்து முல்கியில் கவுட சாரஸ்வதப் பிராமணர்களின் கோயில் பற்றிய வெங்கடரமண தேவரு வழக்கில் 1958-இல் வந்த தீர்ப்பும் இருந்தது. சமயப் பிரிவின் உரிமையும், எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிடும் 25(2)(ஆ)-வும் மோதினால் பின்னது மேலோங்கும் என்று நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர் அதில் எழுதியிருந்தார். முத்துசாமி தீட்சிதர் கிருதிகளில் பெரும் புலமை கொண்டவர் அவர். பிரிவின் சடங்குகளுக்கென ஒரு சிறு இடத்தை விட்டுவைத்து மீதியைப் பொதுவாக்கிய அந்தத் தீர்ப்பில், தாளம் தவறாமல் சுரத்தை விரிக்கும் ஒரு கைப்பழக்கத்தை நான் எப்போதும் உணர்வதுண்டு. இது சட்டக் கருத்தல்ல, என் சொந்த ரசனை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் எழுதிய எதிர்மனு, பூட்டை நியாயப்படுத்தியது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, இரு தரப்பாரிடமும் பதற்றம், அமைதிப் பேச்சுவார்த்தை தொடர்கிறது, அமைதி திரும்பியதும் கோயில் திறக்கப்படும் என்று பதினான்கு பத்திகள் எழுதினேன். மேலிடத்துக் குறிப்புப்படி எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். குறிப்பில் இருந்தது நான்கு வரி, மிச்சம் என் கைவண்ணம். தாக்கல் செய்வதற்கு முன் சரிபார்த்தபோது 'அமைதி' என்ற சொல் ஒன்பது இடங்களில் வந்திருந்தது. 'தீண்டாமை' ஓரிடத்திலும் இல்லை. அதைக் கவனித்தேன், கவனித்த பிறகும் தாக்கல் செய்தேன்.

வாதத்தின்போது, இந்தப் பூட்டால் யார் எதை இழந்திருக்கிறார்கள் என்று நீதிபதி கேட்டார். இரு தரப்பும் சமமாக வழிபாட்டை இழந்திருக்கிறது என்றேன். சொல்லி முடிக்கும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு தரப்பு இழந்தது சில மாத வழிபாடு. அவர்கள் விரும்பாதது நடக்காமல் நிற்பதால் அந்த இழப்பில் அவர்களுக்கு லாபமும் இருந்தது. மறு தரப்புக்கோ பூட்டுக்கு முன்பும் கோயில் மூடியேதான் இருந்தது. அரசு செய்ததெல்லாம், ஊர் போட்டிருந்த கண்ணுக்குத் தெரியாத பூட்டின்மேல் அரக்கு முத்திரை வைத்ததுதான். பொது ஒழுங்கு என்ற சொல்லை, மூத்தவர் எனக்குக் காட்டிய அந்த முதல் வரியிலிருந்து எடுத்து, உரிமையை மீறியவர்களுக்கும் உரிமை கேட்டவர்களுக்கும் நடுவே சமதூரத்தில் நிற்பதற்கு நான் பயன்படுத்தியிருந்தேன். கலவரம் செய்வோம் என்று மிரட்டுகிறவர்களுக்கே கலவரத்தின் பலன் போய்ச் சேரும்படி அந்தச் சொல்லைப் படித்தால், உறுப்பு 25-இன் முதல் வரி அதன் மீதி வரிகளை விழுங்கிவிடும்.

வழக்கில் அரசு தோற்றது. கோயிலைத் திறந்து, எல்லாரும் வழிபடக் காவல் துறை பாதுகாப்புத் தர வேண்டும் என்று உத்தரவானது. தோற்ற வழக்கில் நிம்மதி அடைவது தொழில் தர்மமா என்று தெரியவில்லை, அடைந்தேன்.

அதோடு முடியவில்லை. உத்தரவை நடைமுறைப்படுத்தும் ஏற்பாட்டின் வரைவு, சட்டக் கருத்துக்காக என்னிடமே வந்தது. நேர்த்தியாகக் கட்டம் போட்ட அட்டவணை அது. காலை 6 முதல் 10 வரை ஒரு தெருவினர், மாலை 4 முதல் 7 வரை மற்றொரு தெருவினர், இடையில் நடை சாத்தல். மோதலைத் தவிர்க்கும் நல்ல எண்ணத்தோடுதான் யாரோ ஓர் அலுவலர் இரவில் உட்கார்ந்து தயாரித்திருக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, கோயிலுக்குள் நுழைவதைத் தடுப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. அதே சமயத்தைச் சேர்ந்த பிறர் வழிபடும் அதே முறையிலும் அதே அளவிலும் வழிபடுவதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவை முழுமையாக எடுத்தெழுதி, நேரத்தைப் பிரிப்பது இந்தச் சொற்களோடு ஒத்துப்போகாது என்று ஒரு பக்கக் கருத்துரை வைத்து அனுப்பினேன். இந்த முறை 'அமைதி' என்ற சொல்லை ஓரிடத்திலும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. நேரத்துக்கான பத்தி எடுக்கப்பட்டிருந்தது. காவலர் எண்ணிக்கைக்கான பத்தியில் 12 என்பதை அடித்து, பச்சை மையில் 30 என்று எழுதியிருந்தார்கள்.