ஹோண்டா ஏடிசி 110: கொட்டகையில் கிடந்த மூன்று சக்கர வண்டியின் நாட்குறிப்பு

6 ஏப்ரல் 2024, சனி

பீட்டர்பரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் பழைய கொட்டகையைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே ஒரு பருத்த முன்சக்கரம் மட்டும் தெரிந்தது. இழுத்து வெளியே போட்டால், 1983ஆம் ஆண்டின் ஹோண்டா ஏடிசி 110. சாலைக்கு அல்லாமல் வயலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்று, மோட்டார் சைக்கிள் போல் ஏறி அமர்ந்து ஓட்டும் மூன்று சக்கர வண்டி இது. மூன்று டயர்களிலும் காற்றில்லை, டாங்க் முழுவதும் துரு, பின் மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், பிரேக் இறுகிப்போய் மிதி அசையவே இல்லை. ஆனால் ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்தபோது பிஸ்டன் நகர்ந்தது. அழுத்தம் கையில் தட்டுப்பட்டது. அந்த ஒன்றை நம்பி 150 டாலருக்கு வாங்கி வந்தேன். வாங்கிய விலையும் சேர்த்து 600 டாலருக்கு மேல் செலவழிப்பதில்லை என்றும், அந்தப் பணம் முதலில் வண்டியை நிறுத்தும் பிரேக்குக்கும் அடுத்து ஓட்டுவதற்கும் போய், மிஞ்சினால் மட்டுமே அழகுக்குப் போகும் என்றும் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

7 ஏப்ரல், ஞாயிறு

இன்று கழுவியதோடு சரி. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பதில்லை, அப்போதும் விற்கும்படி ஒன்று வேண்டும் என்று அமெரிக்க விற்பனையாளர்கள் கேட்டதன் பேரில், ஒசாமு தாகேயுச்சி என்ற பொறியாளர் வடிவமைத்து 1970இல் வெளிவந்த யுஎஸ்90தான் ஹோண்டாவின் இந்த மூன்று சக்கர வண்டி வரிசையில் மூத்தது. விபத்துகள் பெருகியபின், 1988இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனங்கள் அங்கே புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தின. என்னைப் போல் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. இதன் 105 சிசி என்ஜினுக்கும், ஆஸ்திரேலியத் தபால்காரர்கள் பல்லாண்டுகள் ஓட்டிய சிடி110 மோட்டார் சைக்கிளின் என்ஜினுக்கும் சிலிண்டர் விட்டம், பிஸ்டன் வீச்சு இரண்டும் ஒன்றே என்பதால், அதற்கென்று செய்த சில உதிரிபாகங்கள் இதற்கும் பொருந்துகின்றன.

13 ஏப்ரல், சனி

டாங்க் நிறைய வெள்ளை வினிகரை ஊற்றி, ஒரு பிடி நட்டுகளைப் போட்டு, போகும்போதும் வரும்போதும் குலுக்கி இரண்டு நாள் வைத்திருந்தேன். கவிழ்த்தபோது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் கொட்டியது. சமையல் சோடா கலந்த நீரால் அலசி, உடனே உலர்த்தி, உட்புறம் மறுபடி துரு ஏறாதிருக்க எண்ணெய் பூசினேன். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பச்சைப் பிசினாக உறைந்திருந்தது. வண்டி நிற்கையில் என்ஜின் மெதுவாக ஓடப் பெட்ரோல் விடும் ஐடில் ஜெட்டின் துளை தலைமயிர் நுழையும் அளவுதான். கடினமான கம்பியை விட்டால் துளை அகன்றுவிடும் என்பதால், மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செம்பிழையை உருவி, விளக்கைப் பார்த்தபடி திருப்பித் திருப்பி விட்டேன். அரை மணி நேரத்துக்குப் பின் துளையின் மறுபுறம் ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

20 ஏப்ரல், சனி

இந்த என்ஜினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், சுழலும் வேகத்தில் அழுக்கை ஓரத்துக்கு ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான் எண்ணெயைச் சுத்தம் செய்கின்றன. வலப்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், அந்தக் கிண்ணத்தின் ஓரத்தில் பூட் பாலிஷ் போன்ற கரிய களிம்பு இறுகியிருந்தது. எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டியிருந்தால் இது அப்படியே உள்ளே இருந்திருக்கும். மரக்குச்சியால் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவினேன். வால்வு இடைவெளியை 0.05 மில்லிமீட்டருக்கு வைத்து, புதிய பிளக் போட்டேன். ஒன்பதாவது இழுப்பில் என்ஜின் உயிர்பெற்றது. ஒரு நிமிடம் வெண்புகை வந்து அடங்கியது.

28 ஏப்ரல், ஞாயிறு

பிரேக் வேலை இரண்டு நாளைத் தின்றுவிட்டது. பின் ஆக்சிலில் உள்ள ஒரே டிரம்தான் இந்த வண்டியின் பிரேக். முன்சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. அதனால் அரைகுறையாக விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. சூடேற்றி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவைத்த பிறகே டிரம் கழன்றது. உள்ளே சேறு புகுந்து, உராய்ந்து நிறுத்தும் பட்டையான லைனிங், அதைத் தாங்கும் பிரேக் ஷூவை விட்டுப் பிரிந்து கிடந்தது. புதிய ஷூ, ஆக்சில் பேரிங், சீல் எல்லாம் சேர்த்து 84 டாலர். முன்பு நன்றாக ஓடும் என்ஜினை வைத்துக்கொண்டு பிரேக்கை நாளைக்குத் தள்ளிய ஒரு வண்டியால் வேலியில் மோதியிருக்கிறேன். அதனால்தான் செலவில் பிரேக்குக்கே முதலிடம் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

5 மே, ஞாயிறு

செயின் மாற்றினேன். மட்கார்டு விரிசலின் இருபுறமும் துளையிட்டு, செம்புக் கம்பியால் தையல் போட்டேன். தையல் வெளியே தெரிகிறது, தெரியட்டும்.

18 மே, சனி

இந்த வண்டியில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷனே இல்லை. மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்வது டயருக்குள் இருக்கும் காற்று மட்டுமே என்பதால், டயரில் சிக்கனம் பார்க்க வழியில்லை. பின்னால் ஒரே ஆக்சிலில் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து சுழல்வதால், சுற்றளவு வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே பின்னுக்கு மட்டும் ஒரு ஜோடி புதியது வாங்கி, பழையவற்றில் நல்லதை முன்னால் போட்டேன். மூன்றும் ஒரே அளவு என்பது இங்கே கைகொடுத்தது. காற்றழுத்தம் 2.2 பிஎஸ்ஐ மட்டுமே. கார் டயருக்கான கேஜில் முள் அசையவே இல்லை. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் தனியாக வாங்க வேண்டியதாயிற்று.

1 ஜூன், சனி

கீழ்வயலில் ஓட்டினேன். ஹெல்மெட்டும் உயரமான பூட்ஸும் அணிந்து முதல் கியரிலேயே இரண்டு சுற்று. உடலை வளைவின் உட்பக்கம் சாய்த்து, எடையை வெளிப்பக்கக் கால்தாங்கியில் ஊன்றினால்தான் உட்சக்கரம் சற்று வழுக்கி வண்டி திரும்புகிறது. மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறிவிடும். நடு வயலில் பிரேக்கை அழுத்தினேன், நேராக நின்றது. மகள் வேலியோரம் நின்று, “அப்பா, எனக்கு ஒரே ஒரு ரவுண்டு” என்றாள். 90 சிசிக்கு மேற்பட்ட இத்தகைய வண்டிகள் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உகந்தவை அல்ல, அவளுக்குப் பன்னிரண்டு. முடியாது என்று சொன்னபோது முகம் வாடியது. ஆனாலும் காற்றழுத்தம் பார்க்கும் வேலையை இனி அவளே செய்வதாகச் சொல்லிக் கேஜை வாங்கிக்கொண்டாள். இதுவரை ஆன செலவு 564 டாலர். இடப்பக்க மூடியில் இன்னும் எண்ணெய் கசிகிறது. அங்கே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுக்கு மீதி 36 டாலர் போதும்.