பதினான்காம் கேள்வி: செனகல் நாட்குறிப்பு

14 நவம்பர் 2024, வியாழன். டக்கார்

வந்து இரண்டு நாளாயிற்று. ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கெடுப்புக்கு நான் மொழிபெயர்ப்பாளர். மீனவப் பையன்கள் வோலோஃப் மொழியில் சொல்வதை உள்ளூர்க் கல்லூரி மாணவன் ஒருவன் பிரெஞ்சில் சொல்வான். நான் அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். புதுச்சேரியில் படித்த பிரெஞ்சு ஐம்பத்து மூன்று வயதில் இப்படிச் சோறு போடும் என்று அப்பா நினைத்திருக்க மாட்டார்.

கேள்வித்தாளில் 42 கேள்விகள். மாலை முழுக்க அதைப் படித்துப் பார்த்தோம். பதினான்காம் கேள்வி: "கடல்வழியாக ஐரோப்பா செல்வதன் ஆபத்துகள் உங்களுக்குத் தெரியுமா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். முன்னுரையில் ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பத்தாம் இலக்கில் பாதுகாப்பான, ஒழுங்கான இடப்பெயர்வு. பதினான்காம் இலக்கில் சிறு மீனவர்களுக்குக் கடலும் சந்தையும் எட்டச் செய்வது. இரண்டுக்கும் நடுவே நாலு பக்க இடைவெளி.

மாணவன் என்னைத் "தாத்தா" என்று கூப்பிடுகிறான். பிரெஞ்சில் அத்தையைச் செல்லமாக அழைக்கும் சொல். முதல் தடவை, பின்னால் யாராவது கிழவர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். செங்கோர் அதிபராக இருந்த காலத்தில் தமிழறிஞர்கள் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தங்கி, திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு தேடினார்கள். அவர்களும் இந்தச் சொல்லில் ஒரு கணம் தடுமாறியிருப்பார்கள்.

16 நவம்பர், சனி. ம்பூர்

டக்காருக்குத் தெற்கே 80 கிலோமீட்டர். கரை நெடுகப் படகுகள். இங்கே படகுக்குக் "கால்" என்று பெயர். "சுனு கால்" என்றால் நம் படகு. செனகல் என்ற பெயரே அதிலிருந்து வந்ததாக எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். மொழியறிஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை. படகுகள் ஒவ்வொன்றிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூவேலை, அம்மாவின் பெயர், ஞானியரின் பெயர்.

வலை முடிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சுக்கு இசைந்தார். வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணால் பாராமலே முடிச்சுப் போடுகிறார். நான் எழுதும் வேகத்துக்கு மூன்று முடிச்சு. "தியோஃப்" என்னும் களவா மீன் இந்நாட்டுச் சோற்றுக்கே அரசனாம். அரிசியும் மீனும் சேர்த்துச் சமைக்கும் அந்த "செப்பு ஜென்" 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அது பட்டியலில் ஏறிய காலத்தில் தியோஃப் சட்டியை விட்டு இறங்கியிருந்தது. கிடைப்பதும் ஏற்றுமதிக்குப் போகிறது. "அதற்குப் பதிலாக யாபோய் தின்றோம்" என்றார். யாபோய் நம் மத்திக்கு உறவு, ஏழையின் மீன். இப்போது அதையும் ஆலைகள் வாங்கி மாவாக அரைத்து வெளிநாட்டுப் பண்ணை மீன்களுக்குத் தீனியாக்குகின்றன. நாம் தின்னும் மீனை மீனுக்குப் போடுகிறார்களே என்று அவர் சிரித்த சிரிப்பை ஆங்கிலத்தில் எழுத வழி தெரியவில்லை.

பிறகு பையன்கள். வயது பதினைந்திலிருந்து இருபத்தைந்து. பதினான்காம் கேள்வியை வாசித்ததும் ஒருவன் மாணவனிடம் ஏதோ கேட்டான். மாணவன் மொழிபெயர்க்கத் தயங்கினான். அதட்டியபின் சொன்னான்: "செப்டம்பர் 8 அன்று கவிழ்ந்த படகிலிருந்து பிணம் தூக்கியவன் நான். என்னிடம் ஆபத்து தெரியுமா என்று கேட்கிறாளே, இந்த அம்மாவுக்குப் பைத்தியமா?"

இதே கரையிலிருந்து புறப்பட்ட படகு அது. சில கிலோமீட்டர்தான் போயிருந்தது. குறைந்தது 39 பேர் இறந்தார்கள். அதிபர் நேரில் வந்து போனார்.

"ஆம்" கட்டத்தில் டிக் போட்டேன். இன்று 31 தாள்கள். பதினான்காம் கேள்விக்கு 31 ஆம்.

17 நவம்பர், ஞாயிறு. ம்பூர்

நாடாளுமன்றத் தேர்தல். கணக்கெடுப்புக்கு விடுமுறை. ஐரோப்பிய ஒன்றியத்துடனான மீன்பிடி ஒப்பந்தமும் இன்றோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. சட்டவிரோத மீன்பிடிப்பைச் செனகல் போதுமான அளவு தடுக்கவில்லை என்று மே மாதமே ஒன்றியம் மஞ்சள் அட்டை காட்டியிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம்: ஆண்டுக்கு 17 லட்சம் யூரோ, பதிலுக்கு முக்கியமாகச் சூரையும் கருப்பு ஹேக் மீனும். கரையில் நிறையப் பேர் "வெள்ளைக்காரன் கப்பல் போகிறது, மீன் திரும்பும்" என்கிறார்கள். நேற்றைய பெரியவர் நம்பவில்லை. யாபோயைத் தின்றது அந்தக் கப்பல்கள் அல்ல என்பது அவருக்குத் தெரியும். மாவாலை, உள்நாட்டுக் கொடி கட்டிய வெளிநாட்டு இழுவைக் கப்பல், கணக்கில்லாமல் பெருகிய சொந்தப் படகுகள். அவர் இந்த வரிசையில் சொன்னார். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் தணிந்தது.

19 நவம்பர், செவ்வாய். செயின்ட் லூயி

நதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் நாக்கு. அதன்மேல் கெட் ந்தார் மீனவக் குடியிருப்பு. 2003 அக்டோபரில் வெள்ளத்திலிருந்து நகரத்தைக் காக்க அந்த மணல் நாக்கில் நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்தது. கடல் உள்ளே வந்தது. நாலு மீட்டர் கிலோமீட்டர்களாயிற்று. டூன் பாபா தியே என்ற ஊரே போய்விட்டது. புதிய முகத்துவாரத்தின் அலையில் சிக்கிச் செத்த மீனவர்கள் ஏராளம். ஒரு பொறியியல் முடிவின் விலையை இந்த ஊர் இன்னும் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறது.

தெருவில் சிறு பையன்கள் கையில் காலித் தக்காளி டின்னோடு வருகிறார்கள். குர்ஆன் கற்க வெளியூரிலிருந்து ஆசிரியரிடம் அனுப்பப்பட்டவர்கள்; சிலர் கினி பிசாவிலிருந்து வந்தவர்கள். ஒருவனுக்கு ஏழு வயதிருக்கலாம். டின்னுக்குள் இரண்டு சர்க்கரைக் கட்டி, ஒரு பிடி அரிசி, ஒரு நாணயம். அரிசியையும் சர்க்கரையையும் ஒன்றோடொன்று சேராமல் ஒரு காகித மடிப்பால் பிரித்து வைத்திருந்தான். இவர்களை எங்கள் கேள்வித்தாள் எண்ணாது. ஐரோப்பா போகாதவன் புலம்பெயர்ந்தவன் ஆகமாட்டான் போலும். ஆப்பிரிக்காவில் இடம் பெயர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கண்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். மழைக்காலத்தில் வேர்க்கடலைக் காட்டுக்குக் கூலிக்கு வரும் இளைஞனுக்கு வோலோஃபில் "நவெத்தான்" என்று தனிப் பெயரே உண்டு. போவதும் வருவதும் இங்கே பழைய தொழில்.

21 நவம்பர், வியாழன். செயின்ட் லூயி

மீன் புகைபோடும் பெண் ஒருத்தி இன்று என்னைப் பிடித்துக்கொண்டாள். கண் இமை ஓரமெல்லாம் கரி. மடியிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். மகனின் பிறப்புச் சான்றிதழ், 3 மார்ச் 2008. பையன் ஒன்பது நாள் படகில் கிடந்து செப்டம்பரில் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான எல் இயெரோவில் இறங்கினான். கட்டணத்துக்கு அவள்தான் வளையலை விற்றிருக்கிறாள். "நீங்களே அனுப்பினீர்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "கேட்காமல் போயிருந்தால் எந்தப் படகு என்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது" என்றாள்.

சென்ற ஆண்டு 39,910 பேர் கேனரித் தீவுகளில் கரையேறினார்கள், 2006-இல் 31,678. அப்போது பிறந்த சொலவடை இன்னும் சுவர்களில் இருக்கிறது: "பார்சா வல்லா பர்சக்". பார்சிலோனா அல்லது பர்சக். நம் ஊர் இஸ்லாமியரும் அறிந்த அதே பர்ஸக், இறந்தவர் மறுமைக்குக் காத்திருக்கும் இடம். துணையின்றி வந்த சிறார் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் அந்தத் தீவுகளின் பொறுப்பில் இருக்கிறார்கள். இவள் மகன் அந்தக் கணக்கில் இல்லை. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முற்றிவிட்டது, பதினெட்டு என்று எழுதிப் பெரியவர்கள் முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். பள்ளி கிடையாது, காப்பாளர் கிடையாது.

இரவு அந்தச் சோதனையைப் பற்றி வாசித்தேன். இதற்குப் பரவலாகப் பயன்படும் படநூல், 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஒஹாயோவில் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைகளைப் படமெடுத்துத் தொகுத்தது. சிறு வயதிலிருந்தே ஈர வலை இழுத்த கையை அதனோடு ஒப்பிடுகிறார்கள்.

22 நவம்பர், வெள்ளி

அவளோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மகனின் பிறப்புச் சான்றிதழுக்கு முத்திரையிட்ட புதிய நகல் வேண்டும். ஒருவர் தொழுகைக்குப் போயிருந்தார், இன்னொருவரிடம் சாவி இல்லை. நான்கு மணி நேரத்தில் பதிவேடு வந்தது. பெயர் இருந்தது. ஆனால் பதிவு செய்த ஆண்டு 2015. பள்ளியில் சேர்க்கும்போதுதான் பதிந்திருக்கிறார்கள். பிறந்த உடனே பதியாத பிள்ளைகள் இங்கே நிறைய. தீவில் இருக்கும் வழக்கறிஞரிடம் தொலைபேசியில் சொன்னேன். "தாமதப் பதிவா? சந்தேகப்படுவார்கள். எதற்கும் அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். அந்தப் பெண் கூலி என்று ஒரு பொட்டலம் புகைமீன் கொடுத்தாள். மறுத்தால் கோபித்துக்கொள்வாள் என்று மாணவன் கண்ணைக் காட்டினான்.

23 நவம்பர், சனி. டக்கார்

மொத்தம் 212 தாள்கள். பதினான்காம் கேள்விக்கு 212 ஆம். ஒருங்கிணைப்பாளர் இதை "விழிப்புணர்வு உயர்ந்த நிலையில் உள்ளது" என்று அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். கீழே, பிணம் தூக்கிய பையன் சொன்னதை, பைத்தியம் உட்பட, ஒரு சொல் மாற்றாமல் போட்டிருக்கிறேன். வெட்டுவார்கள்.

மாலையில் மாணவன் "அத்தாயா" போட்டான். அடுப்புக்கரி, சின்னக் கெண்டி, பச்சைத் தேயிலை, மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், போகப் போக இனிக்கும். ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றும்போது என் கண் அவன் மணிக்கட்டிலேயே நின்றது. மெலிந்த கை. கல்லூரி மாணவன், இருபது இருக்கும் என்று நானாக வைத்திருந்தேன். பத்து நாளில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"உனக்கு என்ன வயது?" என்றேன்.

நுரை வழியாமல் ஊற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தான். "எந்தத் தாளில், தாத்தா?"