வென்ச்சி முந்திரிக்கு விலை வைப்பது யார்?

கானாவின் தெற்கே மழைக்காடு, வடக்கே புல்வெளி. இரண்டும் கலக்கும் பட்டையில்தான் வென்ச்சி, டெச்சிமான், சம்ப்பா ஆகிய ஊர்கள் இருக்கின்றன. முன்பு எல்லாம் சேர்ந்து பிராங் அஹாஃபோ மாகாணம். 2019-இல் அதை மூன்றாகப் பிரித்ததில் வென்ச்சியும் சம்ப்பாவும் போனோ மாகாணத்துக்குப் போயின, டெச்சிமான் கிழக்குப் போனோவின் தலைநகரானது. முந்திரிக்கொட்டை வாங்கும் நிறுவனம் ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. பிப்ரவரி பிறந்தால் இந்தப் பக்கம் வந்துவிடுவேன். மழை வலுக்கும்வரை இங்கேதான்.

நான் பண்ருட்டிக்காரன். எங்கள் ஊரில் கொட்டை உடைக்கும் வீடுகளில் "ஆப்பிரிக்கா கொட்டை" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். நம் மரங்களின் காய்ப்பு நம் ஆலைகளுக்குப் போதாது. தூத்துக்குடியில் கப்பலில் வந்திறங்கும் மூட்டைகள்தான் பல ஆலைகளை ஓட்டுகின்றன. அந்த மூட்டைகள் கிளம்பும் இடங்களில் வென்ச்சி வட்டாரமும் ஒன்று. இங்கேயும் செம்மண்தான். மரமும் நம் மரம்தான். ஆனால் அந்த மரம் இங்கே வந்த கதை வேறு.

இது ஒரு காலத்தில் கோகோ விளைந்த பூமி. 1983-இல் கானா முழுக்கக் கடும் வறட்சி. ஹர்மட்டான் என்ற வறண்ட வடகாற்றில் காட்டுத்தீ பரவி, இந்தப் பட்டையில் ஏராளமான கோகோத் தோட்டங்கள் கருகின. அதே ஆண்டில்தான் நைஜீரியா சுமார் பத்து லட்சம் கானாக்காரர்களை வெளியேற்றியது. பஞ்ச காலத்தில் ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு வேண்டும். எரிந்த நிலத்தில் மக்காச்சோளமும் கிழங்கும் போட்டார்கள். அப்புறம் மெல்ல மெல்ல முந்திரி வந்தது. 2000-களில் அரசும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் சேர்ந்து நடத்திய முந்திரித் திட்டம் அதை வேகப்படுத்தியது. வறட்சியைத் தாங்கும், சொற்பப் பராமரிப்பு போதும், நட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் காசு பார்க்கலாம். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

நிலத்தின் கணக்கு மட்டும் அத்தனை எளிதாக இல்லை. இங்கே பெரும்பாலான நிலம் ஊர்த் தலைவர்களின் பொறுப்பிலும் குடும்பங்களின் பொறுப்பிலும் இருக்கிறது. வடக்கேயிருந்து பிழைக்க வந்த தகாபா மக்கள் போன்றவர்களுக்குக் கிழங்கோ சோளமோ போட நிலம் கிடைக்கும். மரம் வைக்க அனுமதி கிடைப்பது அரிது. மரம் வைத்தால் நிலத்தில் உரிமை வந்துவிடும் என்பதுதான் காரணம். சொந்தக் குடும்பத்துப் பெண்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைமை. முந்திரி நட்ட முதல் சில ஆண்டுகள் நடுவில் ஊடுபயிர் போடலாம். கிளைகள் கூடி நிழல் விழுந்ததும் கிழங்குக்கு அங்கே வேலையில்லை. கிழங்குக்கு இடம் தேடி ஊரைவிட்டுத் தள்ளிப் போக வேண்டும், போகிறவர்கள் பெண்களும் வெளியூர்க்காரர்களும்.

கிழங்கு என்றால் இங்கே பெருவள்ளி இனம். கைக்கு அடங்காத தடிமன், முழங்கால் உயரத்துக்குக் கூட்டிய மண்மேட்டில் விளைவது. அதில் போனா என்ற வகைக்குத்தான் மவுசு. மேற்கு ஆப்பிரிக்காவின் பெரிய சந்தைகளில் ஒன்றான டெச்சிமானுக்குப் போனால் அது மலையாகக் குவிந்திருக்கும். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெண் தலைவி உண்டு. கிழங்குத் தலைவி, தக்காளித் தலைவி என்று அழைக்கப்படும் அவர்கள் வரத்து, கடன், தகராறு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். வியாபாரம் அங்கே பெண்கள் கையில் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று பார்த்து நான் மலைத்திருக்கிறேன். முந்திரியில் அப்படி இல்லை. பழத்தைத் திருகிக் கொட்டையைப் பிரித்துக் காயவைப்பது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். விலை பேசுவதோ எங்கள் ஆட்கள்.

விலை எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன், இதுதான் என் வேலை. வந்த லோடிலிருந்து ஒரு கிலோ மாதிரி எடுப்பேன். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, இல்லாவிட்டால் ஓட்டுப் பால் தோலைப் பொத்துவிடும், பாக்குவெட்டி மாதிரியான கருவியில் ஒவ்வொரு கொட்டையாக இரண்டாக வெட்டுவேன். வெள்ளையாகத் திரண்ட பருப்பு ஒரு தட்டில். புள்ளி விழுந்ததும் முற்றாததும் இன்னொரு தட்டில்; இவற்றுக்குப் பாதி எடைதான் கணக்கு. சொத்தை, பூஞ்சை, வெற்றுக்கொட்டை கழிவு. பருப்பின் எடையை வைத்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்குப் போட வேண்டும். தொழிலில் இதற்கு அவுட்டர்ன் என்று பெயர். கிலோவுக்கு 272 கிராம் வந்தால் 48 பவுண்டு. 255 கிராம் வந்தால் 45. வெறும் 17 கிராம் வித்தியாசம், 200 மூட்டை ஏற்றிய ஒரு கண்டெய்னரில் சுமார் 270 கிலோ பருப்பாகிவிடும்.

அந்த 17 கிராம் மரத்தடியில் தீர்மானமாகிறது. தோட்டத்துப் பெண் பழத்தைப் பறிக்காமல், தானாக விழும்வரை பொறுத்தாளா, விழுந்ததை அன்றன்றைக்குப் பொறுக்கினாளா, தார்ப்பாய் விரித்து நன்றாகக் காயவைத்தாளா என்பதில்தான் அது இருக்கிறது. ஆனால் ஊரில் தரகர் எல்லாக் கொட்டையையும் ஒரே விலைக்கு நிறுத்து, ஒரே மூட்டையில் கொட்டுகிறார். நல்லதும் கெட்டதும் கலந்தபிறகு, வென்ச்சி கிடங்கில் நான் வெட்டிப் பார்த்துச் சொல்லும் எண் தரகருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. காயவைத்தவளுக்கு அதில் ஒரு பைசா போவதில்லை.

கோகோவுக்கு அரசு வாரியம் பருவ ஆரம்பத்திலேயே விலை நிர்ணயிக்கிறது. முந்திரிக்கு அப்படியொரு காவல் நெடுங்காலம் இல்லை. 2019-இல் சட்டம் போட்டு மரப்பயிர் வளர்ச்சி ஆணையம் அமைத்தார்கள். அது குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. ஆனால் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்படுகிறவர் அந்த விலைக்காகக் காத்திருப்பதில்லை. 2022 டிசம்பரில் இந்த நாட்டுப் பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டது. கையில் கொட்டையும் வீட்டில் செலவும் இருக்கும்போது, இன்றைக்குக் கைக்கு வரும் செடிதான் (கானா நாணயம்) பெரிது. சம்ப்பாவில் இன்னொரு சிக்கல். எல்லைக்கு அந்தப் பக்கம் ஐவரி கோஸ்ட், உலகிலேயே அதிகம் முந்திரி விளையும் நாடு. கொட்டையைத் தரைவழியே வெளியே கொண்டுபோக அங்கே தடை உண்டு. இருந்தாலும் விலை எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் மூட்டை நகர்கிறது.

வென்ச்சிக்குத் தள்ளியிருக்கும் ஒரு ஊரில், கிடங்குக்குக் கொண்டுபோகாமல் மரத்தடியிலேயே மாதிரியை வெட்டிக் காட்டினேன். ஒரு மாமே, வயதான பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்போம், தன் கொட்டையையும் பக்கத்துத் தோட்டத்துக் கொட்டையையும் தனித்தனியாக வெட்டச் சொன்னார். தட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருடையது நன்றாகத் திரண்டிருந்தது, மற்றதில் புள்ளி அதிகம். "அப்படியானால் எனக்கும் அவனுக்கும் ஏன் ஒரே விலை?" என்று கேட்டார். தரகர் தம்பி மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவனும் வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஓடுகிறவன். அன்றைக்குள் லாரி நிறைய வேண்டும், தனித்தனியாகப் பிரித்து நிறுக்க அவனுக்கு நேரமில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் நிறுவனம்.

அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். ஒவ்வொரு கொள்முதல் ஊரிலும் ஒரு வெட்டுக் கருவி, ஒரு கிராம் தராசு, கணக்குப் போடத் தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருவர் வேண்டும். 47 பவுண்டுக்கு மேல் வரும் கொட்டைக்கு மூட்டைக்கு இவ்வளவு கூடுதல் என்று சாக்கிலேயே எழுதிப் பணத்தையும் அங்கேயே கொடுக்க வேண்டும். நல்ல கொட்டை கூடினால் எங்கள் ஆலைக்கும் லாபம்தான் என்று கணக்கோடு காட்டியிருக்கிறேன். சில ஊர்களில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. கூடுதல் தொகை எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை. பிப்ரவரிக்குள் அதை வாங்கியாக வேண்டும். ஊர்ப் பட்டியலில் முதல் பெயராக அந்த மாமேயின் ஊரைத்தான் கொடுத்திருக்கிறேன்.