அடிவரிசையில் ஒரு பாலம்

"ஒரே ஒரு பாலத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதரின் கன்னத்தை வெட்டச் சொல்வீர்களா?" என்று துறைத் தலைவர் கேட்டபோது, வெட்டச் சொல்லவில்லை, கண்டதை எழுதுகிறேன் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது.

பல வருடங்களாக வெற்றிலையோடு புகையிலை போட்டுவந்த ஒருவரின் கன்னத்து வெண்படலத்தில் எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுத என்னிடம் வந்த பயாப்சி அது. செல்களின் மாற்றங்கள் எபிதீலியத்தின், அதாவது வாயின் உட்புறத்தை மூடும் செல்படலத்தின், கீழ் மூன்றிலொரு பங்கைத் தாண்டவில்லை என்பதால், கிரேடு 'மைல்ட் டிஸ்பிளேசியா' (லேசான பிறழ்வளர்ச்சி) என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் அடிவரிசையில் பிரிந்துகொண்டிருந்த ஒரு செல்லில், இரு முனைகளுக்கும் விலகிவிட்ட குரோமோசோம் திரள்களுக்கு நடுவே, அறுபடாத மெல்லிய இழையொன்று கருநீலமாகப் பாலம்போல் நீண்டு கிடந்தது.

அத்தகைய இழை எதைக் காட்டுகிறது என்பதை மரபியலாளர் பார்பரா மெக்கிளின்டாக் 1930களின் இறுதியிலேயே மக்காச்சோளத்தில் விளக்கிவிட்டார். குரோமோசோமின் உடைந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல் பிரியும்போது அந்தக் குரோமோசோம் இரு பக்கமும் இழுபட்டு, பெரும்பாலும் ஒட்டிய இடத்தை விட்டு வேறோர் இடத்தில் அறுகிறது. அறுந்த முனை அடுத்த தலைமுறையிலும் ஒட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சேய் செல்லுக்குச் சில மரபணுக்கள் கூடுகின்றன, மற்றதற்குக் குறைகின்றன. பின்தங்கிய குரோமோசோம் நுண்கருவுக்குள், அதாவது செல்லின் முதன்மைக் கருவுக்கு வெளியே உருவாகும் சிறு கருவுக்குள், சிக்கினால், ஒரே வீச்சில் நொறுங்கித் தாறுமாறாக இணையவும் கூடும். அப்படிப்பட்ட சிதறலுக்குத்தான் 2011இல் 'குரோமோத்ரிப்சிஸ்' என்று பெயரிட்டார்கள். பழுதான செல்களைத் தடுக்கும் டிபி53 மரபணு ஒழுங்காக இயங்கும்வரை இத்தகைய செல்களில் பெரும்பாலானவை பிரியாமல் நின்றுவிடும் அல்லது மடியும். அது பழுதான திசுவிலோ, புற்று என்று சொல்லும் நிலைக்கு வெகு முன்பே, உடைப்பு புதிய மரபணு அமைப்புகளை உண்டாக்கிக்கொண்டே போகிறது. அவற்றுள் பிழைப்பவை பெருகுகின்றன. மாற்றம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதைத்தான் கிரேடு சொல்கிறது. இந்த ஓட்டம் தொடங்கிவிட்டதா என்று எங்கள் படிவம் கேட்பதே இல்லை.

துறைத் தலைவரின் வாதத்திலும் நியாயம் இருந்தது. வெண்படலங்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. மேலும் ஆழமாக வெட்டிப் பார்த்த ஸ்லைடுகளில் இன்னொரு பாலம் அகப்படவில்லை, டிபி53 சாயம் போடுமளவுக்குத் திசுவும் எஞ்சவில்லை. நான் கண்ட அந்தச் செல்லே பிழைத்திருக்காது என்று வாதிடலாம். பாலம் பற்றி அறிக்கையில் எழுதியிருந்த வரியை நீக்கிவிட்டு, அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நோயாளியைச் சற்று முன்கூட்டியே வரவழைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்தார். ஆனால் அந்த உரையாடல் எந்தக் கோப்பிலும் இல்லை; நாளை வேறொரு மருத்துவர் பார்த்தால் அவருக்குக் கிடைப்பது கிரேடு மட்டும்தான்.

வெண்படலம் இதுவரை மாறாமல் இருக்கிறது என்பது எங்கள் இருவரில் யாருடைய வாதத்தையும் மெய்ப்பிக்கவில்லை. பயிற்சிக்கு வருபவர்களிடம், கண்டதை எழுதுங்கள் என்றே சொல்கிறேன். ஒரே ஒரு பாலம் என்றால் இன்னும் சில வெட்டுகள் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறேன். அப்படிச் சொல்லும்போது துறைத் தலைவரின் பக்கம் சாய்ந்துவிட்டேனா என்பது எனக்கே தெளிவாகவில்லை.